கடைசற் பென்சில்

(தாம்பரத்தில் கூடிய நம் சங்கத்து மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் மிகச் சிறியது, சட்டைப்பையில் அடங்குவது. சொல்லால் மட்டும் விளக்குதல் போதாதென்று கருதி அதனைக் கையோடு கொணர்ந்துள்ளோம். இதோ, இரண்டு பென்சில்கள். இரண்டும் எமது பட்டறையில் மரத்தைக் கடைந்து செய்தவை. ஒன்று கருநிறம், மற்றொன்று செந்நிறம். முன் வரிசையினர் பார்த்துப் பின் வரிசையினர்க்கு அனுப்புக. இவற்றுள் எது நல்ல பென்சில் என்பதை ஒவ்வொருவரும் மனத்துள் முடிவு செய்து வைத்துக்கொள்க. விடையை யாம் பின்னர்க் கூறுவோம்.

இவை சீவிக் கூராக்க வேண்டாத பென்சில்கள். தலையை அழுத்தினால் மூக்கின் வழியே காரீயம் சிறிது வெளிவரும். விரலை எடுத்தால் உள்ளிருக்கும் பிடி அதனைக் கவ்விக்கொள்ளும். இத்தகையவை கடைகளில் பத்து ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அங்ஙனமிருக்க, இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சென்ற மாதம் நம் நிர்வாகக் குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நம் பிள்ளைகள் இருவர் கடைசல் தொழில் பயில விரும்பினர். கல்வி நிதியிலிருந்து அவர்க்கு உதவலாமா என்பதே அக்கேள்வி. "கல்வி நிதி கல்விக்கே உரியது, பட்டறைக்கு அன்று" என்று மதிப்பிற்குரிய அன்பர் ஒருவர் மறுத்தார். வரும் மாதத்துப் பொதுக்கூட்டம் இதனை முடிவு செய்யவிருக்கின்றது. அதற்கு முன் எமது கருத்தை இப்பென்சிலைக் கொண்டே சொல்ல விரும்புகிறோம்.

கடைதல் என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். தயிர் கடைதலும் மரம் கடைதலும் நம் மொழியில் ஒரே வினையாற் குறிக்கப்படுகின்றன. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுத்துத் தயிர் கடைந்த தாய்மார்கள் பழைய கடைசற் பட்டறையின் இயக்கத்தை எளிதில் அறிவர். ஆங்கும் மரத்துண்டின்மீது வாரைச் சுற்றி ஒருவர் இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். மற்றொருவர், மரம் உளிக்கு எதிராகச் சுழலும்போது மட்டும் உளியை வைத்துச் சீவுவர். மறு சுழற்சியில் உளியை விலக்கிக்கொள்வர். கட்டிற்கால், தொட்டிற்கால், பூரிக்கட்டை, பம்பரம், மத்து ஆகிய யாவும் இவ்வாறு பிறந்தவையே. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை நம்முள் அறியாதார் யார்? சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்திற் பூசிக்கொள்ளும். தூரிகை ஒன்றும் வேண்டுவதில்லை.

பின்னர் வாரை இழுக்கும் ஆளின் இடத்தை மின்சார மோட்டார் எடுத்துக்கொண்டது. கடைசற் பட்டறை லேத் பட்டறையாயிற்று. நம் தென்புறநகர்ப் பகுதி இத்தொழிலுக்குப் புதியதன்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது 1958-இல். தாம்பரத்து ஏற்றுமதி மண்டலம் வந்தது 1984-இல். குரோம் தோல் தொழிற்சாலையால் ஓர் ஊரே குரோம்பேட்டை என்று பெயர் பெற்றது. பெருந்தொழில் நடக்குமிடத்திற் சிறுபட்டறைகள் சூழ்ந்து நிற்றல் இயல்பு. தேய்ந்த அச்சுக்குப் புதிய புஷ், உடைந்த திருகுக்குப் புதிய மரை என்று எவ்வளவோ குடும்பங்கள் லேத்தின் சுழற்சியால் உண்டு வளர்ந்தன. எமது குடும்பமும் அவற்றுள் ஒன்று.

இரும்பும் பித்தளையும் கடைந்துகொண்டிருந்த யாம் பென்சிலுக்கு வந்தது எவ்வாறு என்பதைச் சொல்லுவோம். பல ஆண்டுகட்கு முன் ஒரு முதியவர் எமது பட்டறைக்கு வந்தார். அரசாங்க அலுவலகமொன்றில் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு பழைய பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். 2 மி.மீ. பருமனுள்ள காரீயத்தைக் கவ்விப் பிடிக்கும் வரைபடப் பென்சில் அது. கவ்வும் தாடைகள் மூன்றில் ஒன்று முறிந்துவிட்டது. "ஐயா, புதிது வாங்கிக்கொள்ளலாமே" என்றோம். அவர் சினந்திலர். "26 ஆண்டு இந்தக் கையோடு இருந்தது தம்பி. நான் வரைந்த வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இதை எப்படித் தூக்கி எறிவது?" என்று மட்டும் சொன்னார்.

அச்சொல் எம்மைத் தைத்தது. சிறு பித்தளைக் கம்பியில் 2 மி.மீ. துளையிட்டு, முனையைக் கூம்பாகக் கடைந்து, மெல்லிய ரம்பத்தால் மூன்றாகப் பிளக்க முயன்றோம். முதலிற் செய்தது பிளக்கும்போதே ஒடிந்தது. இரண்டாவது காரீயத்தைக் கவ்வவில்லை. மூன்றாவது கவ்வியது, ஆனால் விடவில்லை. நான்காவதே சரியாயிற்று. அதற்கு ஒரு வாரம் கழிந்தது. முதியவர் எமது கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் அதனால் ஒரு நேர்க்கோடு இழுத்துப் பார்த்தார். அளவுகோல் இன்றி இழுத்த கோடு. ஆயினும் அது நேராக இருந்தது. எமது 30 ஆண்டுத் தொழிலில் பெற்ற கூலிகளுள் அக்கோட்டினும் பெரிது வேறில்லை.

இனி, பென்சிலின் உள்ளீடு யாது என்பதைச் சிறிது அறிதல் நலம். நாம் காரீயம் என்று வழங்குவதில் ஈயம் சிறிதும் இல்லை. அது கரியின் ஒரு வகை, கிராபைட் என்பர். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16-ஆம் நூற்றாண்டில் அது வெட்டியெடுக்கப்பட்டபோது ஈயத்தின் வகையென்று மயங்கினர். அம்மயக்கமே பெயரில் நிலைத்துவிட்டது. அது கரியே என்று 1779-இல் ஷீலே என்னும் வேதியியலறிஞர் காட்டினார். போரினால் இங்கிலாந்துக் காரீயம் கிடையாத நிலையில், பிரெஞ்சு நாட்டுக் கோன்தே என்பார் காரீயப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையிற் சுடும் முறையை 1795-இற் கண்டார். களிமண் மிகுந்தால் எழுத்து வெளிறும்; குறைந்தால் கறுக்கும். இன்றும் பென்சிலின் கடினமும் மென்மையும் பெரும்பாலும் இக்கலவையால் அமைவனவே. இலங்கைச் சுரங்கங்களின் காரீயம் உலகப் புகழ் வாய்ந்தது. நம் நாட்டிற் சிவகங்கைப் பகுதியிலும் காரீயம் வெட்டியெடுக்கப்படுகின்றது என்பதை இளைஞர்கள் அறிக.

காரீயத்தை மரத்துள் ஒட்டாமல், வேண்டுமளவு வெளித்தள்ளும் பொறியமைப்புக்கு இங்கிலாந்தில் ஹாக்கின்ஸ், மோர்டன் என்னும் இருவர் 1822-இற் காப்புரிமை பெற்றனர். மோர்டனின் வெள்ளிப் பென்சில்கள் செல்வர் மேசைகளை அலங்கரித்தன. பின்னர் 1960-இல் ஜப்பானியப் பென்டெல் நிறுவனத்தார் களிமண்ணுக்கு மாறாகப் பிசின் வகைகளைச் சேர்த்து மெல்லிய காரீயத்தை உறுதியாகச் செய்தனர். அதன் பின்னரே அரை மில்லிமீட்டர்ப் பருமனுள்ள காரீயம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒடியாது எழுதலாயிற்று.

இப்பென்சிலின் இயக்கத்தையும் கேளுங்கள். உள்ளே வாய் மூன்றாகப் பிளந்த பித்தளைப் பிடி ஒன்றுண்டு. பட்டறைக்காரர் அதனைக் காலெட் என்பர். அதன் தலை கூம்பியது. அதனைச் சுற்றி ஒரு வளையம் அமைந்திருக்கும். ஸ்பிரிங் பிடியைப் பின்னோக்கித் தள்ள, கூம்பு வளையத்துள் நெருக்குண்டு மூன்று தாடைகளும் காரீயத்தைக் கவ்வும். தலையை அழுத்தினால் பிடியும் வளையமும் காரீயமும் ஒன்றாக முன்செல்லும். சிறிது சென்றதும் வளையம் ஒரு படியில் தடைபட்டு நிற்கும். பிடி மட்டும் மேலே செல்ல, தாடைகள் விரியும். விரலை எடுத்தால் பிடி பின்வாங்கும். காரீயமோ, மூக்கினுள் இருக்கும் சிறு ரப்பர்த் துண்டு பற்றிக்கொள்ளுதலால், முன்சென்ற இடத்திலேயே நிற்கும். இத்துணையும் ஒரு கண்சிமிட்டில் நிகழ்கின்றது. இவையெல்லாம் ஒரே அச்சில் நின்றால்தான் நிகழும். மயிரிழை சாய்ந்தாலும் காரீயம் ஒடியும்.

ஆதலின் பென்சில் கடைவோனுக்கு முதற்கவலை அழகன்று, துளை. யாம் மரத்தை விலைகொடுத்து வாங்குவது அரிது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குச் சட்டம், உடைந்த கட்டிற்கால், காற்றில் விழுந்த பூவரசு, துண்டாய்க் கிடக்கும் ஈட்டி ஆகியவையே போதும். நன்றாய் உலர்ந்த மரமாயிருத்தல் வேண்டும். ஈரமுள்ள மரம் பின்னர்ச் சுருங்கி வெடிக்கும். முக்கால் அங்குலச் சதுரமும் ஆறங்குல நீளமுமாக அறுத்து, சக்கிற் பிடித்து, முதலில் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மரம் சுழல, டிரில் அசையாது நின்று மெல்ல உட்செல்ல வேண்டும். அரை அங்குலம் சென்றதும் வெளியே இழுத்துத் தூளை உதிர்த்து, மீண்டும் செலுத்துதல் வேண்டும். பொறுமையிழந்து ஒரே மூச்சில் அழுத்தினால், தூள் அடைத்துச் சூடேறும். டிரில் மரத்தின் இழை சென்ற வழியே தானும் சென்று கோணிப்போகும்.

எம்முடைய முதற்பென்சிலில் யாம் செய்த பிழையை மறைக்காது உரைப்போம். முப்பதாண்டு லேத் ஓட்டிய செருக்கினால், முதலில் வெளிப்புறத்தை அழகாகக் கடைந்து மெருகேற்றி முடித்தோம். பின்னர் இரு முனையிலிருந்தும் துளையிட்டோம். இரு துளைகளும் நடுவில் நேராகச் சந்திக்கவில்லை. சிறிய குழலை வலிந்து நுழைத்து ஒருவாறு பொருத்திவிட்டோம். பார்ப்பதற்கு அதுபோல் அழகிய பென்சிலை அதன்பின் யாம் செய்ததில்லை. ஆனால், தலையை அழுத்துந்தோறும் காரீயம் உள்ளேயே ஒடிந்தது. ஒரு சொல் எழுதி முடியாது.

அன்று கற்ற பாடம் இது: முதலில் துளை, பின்னரே புறம். துளையில் பித்தளைக் குழலை ஒட்டி உலரவிட்டு, அத்துளையின் இரு வாய்களையுமே சென்டர்களில் தாங்கி மரத்தைச் சுழலவிட வேண்டும். அப்போது துளை சிறிது சாய்ந்திருந்தாலும் குற்றமில்லை. புறம் அத்துளையையே நடுவாகக் கொண்டு கடையப்படும். உள்ளை நோக்கிப் புறத்தை அமைத்தல் எளிது. புறத்தை முடித்துவிட்டு அதற்கேற்ப உள்ளைத் திருத்துதல் அரிது. இது பென்சிலுக்கு மட்டும் பொருந்துவதோ என்பதை நீங்களே ஆராய்ந்து கொள்ளுங்கள்.

பின்னர் நடப்பது இன்பமான வேலை. உளி கூராயிருப்பின் மரம் பொடியாக உதிராது. சுருள் சுருளாக எழும். விரல் பிடிக்குமிடத்தில் மூன்று நூல் பருமன் எமது கைக்கு ஒத்தது. மெலிந்த கைக்கு இன்னும் குறைக்கலாம்; மூட்டுவலியுள்ள முதியோர்க்கு நான்கு நூல் வைத்துக் கடைந்து கொடுத்துள்ளோம். இயந்திரசாலையில் வார்த்த பென்சில் இதனைச் செய்யாது. அது இலட்சம் கைகட்கும் ஒரே அளவில் வரும். கடைந்தபின் 150, 240, 400, 600 எண் கொண்ட உப்புத்தாள்களை வரிசை தவறாது இட்டுத் தேய்த்து, அரக்கு மெருகும் தேன்மெழுகும் ஏற்றினால் மரத்தின் இழை கண்ணாடிக்குள் இருப்பது போலத் தோன்றும்.

இளைஞர்கட்கு ஓர் எச்சரிக்கை. லேத்தின் முன் நிற்கும்போது தோளில் துண்டும், தொங்கும் சட்டைக்கையும், கையுறையும், அவிழ்ந்த கூந்தலும் ஆகா. சுழலும் பொருள் நூலிழையைப் பற்றினால் ஆளையே இழுக்கும். எமது இடக்கையின் சுட்டுவிரல் நுனி எங்கே என்று கேட்கும் குழந்தைகட்கு யாம் சொல்லும் விடையும் இதுவே.

நிற்க. இப்பென்சிலை 'தாம்பரத்தில் செய்தது' என்று சொல்லலாமா? இக்கேள்வியை எம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவன் கேட்டான். மரம் நம்முடையது, குழலும் மூக்கும் யாம் கடைந்தவை. 2 மி.மீ. பென்சிலின் கவ்வுபிடியையும் யாமே செய்கிறோம். ஆனால் அரை மில்லிமீட்டர்ப் பென்சிலின் உட்பொறியை விலைக்கு வாங்குகிறோம். எமது லேத் அத்துணை நுண்ணிய வேலைக்கு ஏற்றதன்று. ஆகவே அதனை விற்கும்போது உள்ளே இருப்பது வாங்கியது என்று சொல்லியே விற்கின்றோம். சொல்லாது விட்டால் யாரும் அறியார். ஆயினும் அறியாதாரிடம் உண்மை சொல்லுதலே தொழிலாளியின் மானம்.

சுதேசி இயக்க நாட்களில் இதே கேள்வி பேனாவைப் பற்றி எழுந்தது. ஆந்திர நாட்டு இராஜமுந்திரியில் கே. வி. இரத்தினம் என்பார் 1932-இற் பேனாத் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்த பேனா, தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா வாயிலாகக் காந்தியடிகளைச் சேர்ந்தது. அதனைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், அயல்நாட்டுப் பேனாக்கட்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் அடிகள் 1935 ஜூலை 16-ஆம் நாளிட்ட கடிதத்தில் எழுதினார். ஒரு கைத்தொழிலாளியின் பேனாவுக்கு நேரம் ஒதுக்கி விடை எழுதியவர் எத்துணை வேலையுடையவர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பேனாக்கள் எபோனைட்டைக் கடைந்து செய்தவை. ரப்பரோடு மிகுதியாகக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் அது கொம்புபோல் இறுகும், அதுவே எபோனைட். கடையும்போது கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனால் கைக்கு இதமானது. சென்னையில் பாரிமுனைப் பக்கத்து ஜெம் அண்டு கம்பெனியார் அத்தகைய பேனாக்களால் பெயர் பெற்றனர். பந்துமுனைப் பேனா மலிந்தபின் அத்தொழில் நலிந்தது. எனினும் அழிந்துவிடவில்லை. திருவள்ளூரில் ரங்கா என்னும் பெயரில் ஒரு குடும்பத்தார் கடையும் எபோனைட் பேனாக்களை வெளிநாட்டாரும் கேட்டு வாங்குகின்றனர். நம் நங்கநல்லூரிலும் ஆசா என்னும் பெயரில் கைக்கடைசற் பேனாக்கட்கென ஒரு விற்பனை நிலையம் எழுந்தது. மலிவில் இயந்திரத்தோடு போட்டியிட்டுக் கைத்தொழில் வெல்லாது. பழுதுபார்க்கத் தக்கதாகவும், கைக்கு ஏற்றதாகவும், செய்தவன் பெயர் சொல்லத் தக்கதாகவும் இருந்தால் மட்டுமே நிற்கும்.

2015 திசம்பர் முதல் நாளை முடிச்சூர், வரதராசபுரம் அன்பர்கள் மறந்திரார். அடையாறு கரைமீறியது, எமது பட்டறையில் ஆள் உயரத்துக்கு நீர் நின்றது. வடிந்தபின் கதவைத் திறந்தபோது லேத் முழுவதும் சேறு. வழுக்குப் பாதையெல்லாம் செந்துரு. அறுபதை நெருங்கிய யாம் வாசலிலேயே அமர்ந்துவிட்டோம். இனித் தொழில் வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்றே முடிவு செய்தோம். அப்போது தெருவிற் சேறு அள்ளிக்கொண்டிருந்த சிறுவர் இருவர், "ஐயா, இதைக் கழற்றித் துடைத்தால் ஓடாதா?" என்று கேட்டனர். மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு பதினெட்டு நாள் ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றித் துடைத்தோம். மீண்டும் பூட்டியபோது அச்சிறுவர்கள் எம்மினும் நன்றாக அவ்வியந்திரத்தை அறிந்திருந்தனர். எமக்கு முதன்முதல் வாய்த்த மாணாக்கர் அவர்களே.

அந்நாட்களில் எமக்குத் துணிவு தந்தது ஜப்பானியர் ஒருவரின் வரலாறு. ஹயகவா தொகுஜி என்பது அவர் பெயர். வறுமையில் வளர்ந்து, சிறுவயதிலேயே தோக்கியோவில் உலோக அணிகள் செய்யும் பட்டறையிற் பணியாளாகச் சேர்ந்தவர். 1915-இல் உலோக உடம்பு கொண்ட திருகு பென்சில் ஒன்றை அமைத்தார். ஜப்பானில் இத்தகைய பென்சில்கள் இன்றும் ஷார்ப் என்றே வழங்கப்படுகின்றன. 1923-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் தொழிற்சாலையை இழந்தார். மனைவியையும் மக்கள் இருவரையும் இழந்தார். பென்சிற் காப்புரிமையும் கைவிட்டுப் போயிற்று. ஒசாக்கா சென்று மீண்டும் தொடங்கி, 1925-இல் ஜப்பான் நாட்டின் முதல் வானொலிப் பெட்டியைச் செய்தார். ஷார்ப் என்னும் பெருநிறுவனம் அப்பென்சிலின் பெயரையே தாங்கி நின்றது. வெள்ளமும் தீயும் பொருளைக் கொண்டுபோகும். கை கற்றதைக் கொண்டுபோகா.

இனி, மனத்தில் உறுத்தும் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும், பொறுத்தருள்க. நம் குடும்பங்களிற் பெண் பார்க்கும் சடங்குக்கு யாம் பலமுறை சென்றதுண்டு. "மாப்பிள்ளையின் தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "சொந்தமாக இண்டஸ்ட்ரி வைத்திருக்கிறார்" என்பர். எமது மகனுக்குப் பேசியபோதும் உறவினர் அவ்வாறே கூறினர். யாமும் வாய்திறவாது இருந்துவிட்டோம். 'லேத் ஓட்டுகிறேன்' என்று சொல்ல எமக்கு அன்று நாவெழவில்லை. எமது கையால் உண்டு வளர்ந்த பிள்ளை அருகில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இன்று பட்டறைப் பக்கம் வருவதில்லை. அவனைக் குறைகூற எமக்கு வாயுண்டோ? தொழிலைப் பிள்ளைகள் இகழவில்லை. நாமே முதலில் இகழ்ந்தோம்.

பென்சில் கடைந்தே குடும்பம் நடத்தலாம் என்று யாம் பொய்யுரைக்க மாட்டோம். ஒரு பென்சிலுக்கு நான்கு மணி நேரம் செல்கின்றது. நாளொன்றுக்கு இரண்டே ஆகும். எமது வீட்டில் உலை கொதித்தது புஷ்ஷாலும் மரையாலுமே. கணினியால் இயங்கும் லேத்துகள் வந்தபின் அவ்வேலையும் சிறுபட்டறைகட்குக் குறைந்து வருகின்றது. ஆனால் கணினி லேத்தை ஓட்டுவோனுக்கும் உளி ஏன் அதிர்கின்றது, துளை ஏன் கோணுகின்றது என்று கையறிவு வேண்டும். அவ்வறிவுக்கு இப்பென்சில் நல்ல அரிச்சுவடி. செலவு ஒரு துண்டு மரம்; பிழை நேர்ந்தால் நட்டமில்லை; ஆனால் எழுதிப் பார்த்தவுடன் பிழை தானே வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் மதிப்பெண் இட வேண்டுவதில்லை.

கல்வி நிதி கல்விக்கே என்றார் நம் அன்பர். முற்றும் உடன்படுகின்றோம். கல்வி எது என்பதிலேயே வேறுபடுகின்றோம். பள்ளியில் பின்னக் கணக்குக்கு அஞ்சிய சிறுவன் எமது பட்டறையில் நூற்கணக்கை மில்லிமீட்டராக மாற்றி, வெர்னியரில் ஐம்பதிலொரு பங்குவரை படிக்கின்றான். கூம்பு கடைவதற்குக் கோணம் அறிய வேண்டுமென்று, வேண்டாமென விட்ட கணிதப் புத்தகத்தைத் தானே தேடி எடுத்தான். கைத்தொழிலும் நூலறிவும் பகையல்ல என்பதற்கு நம் குரோம்பேட்டையே சான்று. 1949-இல் சி. இராஜம் தம் செல்வத்தை அளித்து ஆங்கே நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியிலேதான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றார்.

ஆதலின் எமது வேண்டுகோள் மூன்று. கல்வி நிதியிற் கல்லூரி செல்வோர்க்கு அளிப்பதுபோலவே தொழிற்பயிற்சி நிலையத்திலும் பட்டறையிலும் பயில்வோர்க்கும் ஒரு பங்கு ஒதுக்குக. இஃது ஒன்று. சங்கக் கட்டடத்தின் பின்புறம் வெறுமனே பூட்டிக் கிடக்கும் அறையை வாரத்தில் இரண்டு மாலை திறந்து விடுக. இஃது இரண்டு. அவ்வறைக்கு, வெள்ளத்திற் பிழைத்த எமது லேத்தை யாம் இலவசமாக அளிக்கின்றோம். கண் தெளிவாய் இருக்கும்வரை யாமே வந்து கற்பிக்கவும் செய்வோம்.

மூன்றாவது வேண்டுகோளைச் சிலர் விரும்பாமலும் இருக்கலாம். அவ்வறைக் கதவு நம் பிள்ளைகட்கு மட்டும் திறப்பதாக இருத்தலாகாது. எமது லேத்தைச் சேற்றிலிருந்து மீட்ட சிறுவர் இருவருள் ஒருவனே நம்மவன். மற்றவன் யாவன் என்று யாம் கேட்டதில்லை, லேத்தும் கேட்டதில்லை. இன்று எம்மிடம் பயில்வோருள் கவ்வுபிடியை மிக நேர்த்தியாகப் பிளப்பவள் ஒரு பெண். ஒரு காலத்தில் இன்ன தொழில் இன்னாருக்கே என்று வேலியிட்டனர், அதனால் தொழிலும் சுருங்கிற்று, தொழிலாளரும் சுருங்கினர். தன் பிள்ளைகளை உயர்த்துவதற்கென்று எழுந்த சங்கம் அண்டை வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து உயர்த்தினால் அதன் பெருமை குன்றுமோ? குன்றாது என்பது எமது துணிபு.

அன்பர்களே! பென்சில்கள் இரண்டும் இப்போது கடைசி வரிசையை அடைந்திருக்கும். செந்நிறப் பென்சிலே சிறந்தது என்று பலரும் எண்ணியிருப்பீர்கள். அவ்வாறு எண்ணியதிற் பிழையில்லை. ஈட்டி மரத்தின் இழையும் மெருகும் அதில் அத்துணை அழகு. அதுவே எமது முதற்பென்சில். புறத்தை முடித்துப் பின் துளையிட்டது. ஒரு சொல்லும் எழுதாது. கறுத்த பென்சில் அம்மாணாக்கருள் ஒருவன் சென்ற மாதம் செய்தது. மரம் வெள்ளத்தில் ஊறிய எமது பட்டறைக் கதவின் தேக்கு. சேற்றுக்கறை போகாமையின் கறுப்பேற்றிக் கடைந்தான். நடுவில் உளி இழுத்த வடு ஒன்று கண்ணிற்குத் தெரியும். இச்சொற்பொழிவு முழுவதையும் யாம் அப்பென்சிலாலேயே எழுதினோம், ஒருமுறையும் ஒடியவில்லை.

செயலாளர் அவர்கள் வரும் மாதத் தீர்மானத்தை எழுதும்போது அதனையே பயன்படுத்துமாறு இச்சபையில் அவரிடம் அளிக்கின்றோம். தீர்மானம் எவ்வாறு அமையினும் பென்சிலைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. செந்நிறப் பென்சிலை மட்டும் எம்மிடம் சேர்ப்பித்துவிடுக. அது எமக்கு இன்னும் பாடம் சொல்லவேண்டியுள்ளது.